ரிமோட் டெஸ்க்டாப்: தொலைமேசையா, தொலையியக்கமா?

வணக்கம்.

ஓரிடத்தில் இருந்தபடியே வேறிடத்துக் கணினியைப் பார்த்து இயக்குவதுதான் 'ரிமோட் டெஸ்க்டாப்'. அதற்குத் தமிழில் 'தொலைமேசை' வேண்டாம் என்பது என் கட்சி. டெஸ்க்டாப்பில் இருந்த மேசையை அப்படியே தூக்கிவந்து போட்டிருக்கிறோம், அவ்வளவுதான். (தொலைந்துபோன மேசையா என்று கிண்டல் வருவது வேறு.) தொலைபேசி, தொலைக்காட்சி இரண்டும் நிலைத்ததற்குக் காரணம், பின்பாதியிலேயே வேலை என்னவென்று தெரிந்துவிடுவதுதான்.

இங்கே என்ன வேலை? அப்பாவின் கணினியில் எனிடெஸ்க், ரஸ்ட்டெஸ்க் போன்ற ரிமோட் டெஸ்க்டாப் மென்பொருள் ஒன்றை நிறுவினால் ஓர் எண் வரும். வெளியூரில் இருக்கும் மகன் அந்த எண்ணை இட்டதும் அப்பாவின் திரையில் ஒரு பெட்டி எழும்பி அனுமதி கேட்கும். சரி என்றால், வழக்கமான அமைப்பில் திரை தெரிவதோடு நிற்பதில்லை. சுட்டியும் விசைப்பலகையும் மகன் கைக்குப் போய்விடும். வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லி இதையே நிறுவவைத்துப் பணம் பறித்தார்கள். 2019 பிப்ரவரியில் ரிசர்வ் வங்கி எனிடெஸ்க்கைப் பெயர் சொல்லி எச்சரித்தது அதனால்தான். 'தொலைமேசை இணைப்பை ஏற்கவா?' என்று கேட்டால் அப்பா ஏதோ மென்பொருள் சமாசாரம் என்று அழுத்திவிடுவார். 'உங்கள் கணினியை அவர் இயக்கலாமா?' என்றால் கொஞ்சமாவது யோசிப்பார்.

ஆகவே, பார்க்க மட்டும் என்றால் 'திரைப்பகிர்வு', அது ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. இயக்குவதற்குத் 'தொலையியக்கம்'. திரைப்பகிர்வையே இரண்டுக்கும் வைத்துக்கொள்ளலாம் என்றால் ஆர்டிபி (விண்டோஸின் சொந்த ரிமோட் டெஸ்க்டாப் முறை) இடிக்கும். சாதாரண விண்டோஸில் ஆர்டிபி வழியாக நுழைந்தால் வீட்டில் இருக்கும் அந்தக் கணினியின் திரை பூட்டிக்கொள்ளும்; பகிர்வதற்கு அங்கே ஒன்றுமில்லை. விஎன்சி என்ற இன்னொரு முறையில் பெரும்பாலும் இருவருக்கும் ஒரே திரை. தொலையியக்கம் ஆர்டிபி, விஎன்சி இரண்டுக்கும் பொருந்தும். டிவி ரிமோட்டைத் 'தொலையியக்கி' என்கிறோமே என்றால், நல்லதுதான், பொருள் சட்டென்று பிடிபடும்.

ஹோஸ்ட் (இயக்கப்படும் கணினி), கிளையன்ட் (இயக்கும் கணினி) இரண்டுக்கும்தான் எனக்குத் திருப்தியான சொல் அகப்படவில்லை. தவிர்க்கவும் முடியாது: விண்டோஸ் ஹோம் பதிப்பிலிருந்து ஆர்டிபி மூலம் வேறொரு கணினிக்குப் போகலாம், ஆனால் ஹோம் பதிப்புக்குள் அப்படி யாரும் வர முடியாது. உதவிப்பக்கத்தில் இதை எழுத இரண்டு பெயர் வேண்டும். ஹோஸ்டுக்கு 'விருந்தோம்பி' என்றால் சிரிப்பு மூட்டுகிறது, விருந்தாளி வந்து வீட்டையே ஆளும்போது! 'இயக்குகணினி', 'இயங்குகணினி' என்றால் ஓரெழுத்துதான் வித்தியாசம், அவசரத்தில் மாற்றிப் படிப்பார்கள். இப்போதைக்கு 'இயக்கும் கணினி', 'இயக்கப்படும் கணினி' என்று விரித்தே எழுதியிருக்கிறேன். இதைவிடச் சிறிய சொல் இருந்தால் தாருங்கள், பொத்தானில் இடம் போதவில்லை.