மறுமொழி: சைட்டேஷன் இம்பேக்ட் – ‘மேற்கோள் தாக்கம்’ வேண்டாமே

குழுவினருக்கு வணக்கம்.

ஓர் ஆய்வை மற்ற ஆய்வாளர்கள் தங்கள் கட்டுரைகளில் எவ்வளவு குறிப்பிடுகிறார்கள் என்பதை ஆங்கிலத்தில் ‘சைட்டேஷன் இம்பேக்ட்’ என்கிறார்கள். அதற்குத் தமிழில் ‘மேற்கோள் தாக்கம்’ என்று போன வாரம் நம் குழுவில் ஏறக்குறைய முடிவாகிவிட்டது. அதை மாற்றக் கேட்டுத்தான் எழுதுகிறேன்.

கொடைக்கானலில் பிளஸ் டூ பிள்ளைகளுக்காக அறிவியல் தாள் ஒன்று போடுகிறோம். இந்த முறை உயிரியல்சார் மனநல மருத்துவம், அதாவது மனநோயை மூளை, மரபணு வழியாக ஆராயும் துறை. அந்தத் துறையின் நரம்பறிவியலாளர் ஒருவரைப் பற்றிய பத்தியில் ‘இவருடைய மேற்கோள் தாக்கம் மிக அதிகம்’ என்று எழுதியிருந்தோம். நாயுடுபுரத்துப் பெண் ஒருத்தி வாசித்துவிட்டு, “அப்போ இவர் பேச்சைக் கேட்டு நிறையப் பேருக்குக் குணமாச்சா சார்?” என்று கேட்டாள். அவள்மேல் குற்றமில்லை. மேற்கோள் என்றால் ஒருவர் சொன்னதை அப்படியே எடுத்துக் காட்டுவது. தாக்கம் என்றால், அதுவும் மனநோய் பற்றிய தாளில், நோயாளியிடம் ஏற்படும் விளைவு. வேறு எப்படிப் புரிந்துகொள்வாள்?

உண்மையில் நடப்பது வெறும் எண்ணிக்கை. ஒரு கட்டுரையின் கடைசியில் வரும் ஆதாரப் பட்டியலில் இன்னொரு கட்டுரை இடம்பெறுகிறது. அப்படி எத்தனை பட்டியல்களில் வந்திருக்கிறது என்று எண்ணுகிறார்கள். 1964-இல் யூஜின் கார்ஃபீல்டு இதற்கென்றே ஓர் அட்டவணையைக் கொண்டுவந்தார். 2005-இல் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் எச் சுட்டெண்ணை முன்வைத்தார்: ஒருவருடைய கட்டுரைகளில் 40, ஒவ்வொன்றும் குறைந்தது 40 முறை பட்டியலேறியிருந்தால் அவருக்கு எச் 40. இதில் பேச்சும் இல்லை, குணமும் இல்லை.

சைட்டேஷனுக்குச் ‘சுட்டுகை’, சைட்டேஷன் இம்பேக்டுக்குச் ‘சுட்டுகை வீச்சு’ என்று வைக்கலாம். தொல்காப்பியர் ‘என்மனார் புலவர்’ என்று போகிற இடங்களில் முன்னோரைச் சுட்டுகிறார், அவர்கள் வாக்கை மேற்கோளாகத் தருவதில்லை. நமக்கு வேண்டிய பொருள் அதுதான்.

தாக்கம் என்ற சொல்லை நான் எதிர்ப்பதற்கு இங்கேயே ஒரு சான்று இருக்கிறது. சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கி ஓடுவதை எவர்ஷெட் என்ற வானியலாளர் 1909-இல் எங்கள் ஊர் வானாய்வகத்தில்தான் கண்டுபிடித்தார். இன்று சூரியனைப் படிக்கிறவர்கள் ‘எவர்ஷெட் விளைவு’ என்று எழுதிவிட்டுப் போய்விடலாம். அவருடைய மூலக் கட்டுரையைப் பட்டியலில் சேர்க்கவேண்டும் என்ற கட்டாயமே இல்லை. தாக்கம் மலையளவு, எண்ணிக்கையில் அது முழுசாக வராது. இரண்டையும் ஒரே சொல்லில் அடைப்பது அவருக்கு அநியாயம்.

‘ரிசர்ச் அவுட்புட்’டுக்கு ஆய்வு வெளியீடுகள் போதும். அதில் சிக்கல் ஏதும் எனக்குத் தெரியவில்லை.

கொடைக்கானலிலிருந்து

---

ஐயா, வணக்கம்.

வீச்சு எனக்குச் சம்மதம். இயற்பியலில் ஆம்ப்ளிடியூடுக்கு அதையே சொல்கிறோம், ஆனால் கூட்டுச்சொல்லாக வரும்போது குழம்பாது. சுட்டுகைதான் உறுத்துகிறது. எங்கள் குன்னூர்ப் பிள்ளைகளிடம் ‘கட்டுரையைச் சுட்டார்’ என்று சொல்லிப் பாருங்கள், திருடிவிட்டார் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். ‘எடுத்தாளுகை’ நல்ல தமிழ், பழகிய சொல். அதை ஏன் விட வேண்டும்?

குன்னூரிலிருந்து

---

அம்மா, எடுத்தாளுகை எனக்கும் பிடித்த சொல். ஆனால் எடுத்து ஆள்வது என்றால் ஏற்றுக்கொள்வது. இந்தத் துறையில் அங்கேதான் இடிக்கிறது.

2003-இல் காஸ்பி என்ற உளவியலாளரும் உடன் ஆய்வாளர்களும், செரட்டோனின் என்ற மூளை வேதிப்பொருளோடு தொடர்புடைய ‘செரட்டோனின் கடத்தி’ மரபணுவின் குட்டை வடிவம் உள்ளவர்களுக்கு வாழ்க்கையில் அடிமேல் அடி விழுந்தால் மனச்சோர்வு வரும் வாய்ப்பு கூடுகிறது என்று எழுதினார்கள். நியூசிலாந்தின் டனீடன் நகரில் பிறந்தவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்துச் சொன்னது. ஆயிரக்கணக்கான கட்டுரைகள் அதைச் சுட்டின. 2009-இல் ரிஷ் குழுவினர் 14 ஆய்வுகளைச் சேர்த்து அலசி, அப்படியொரு தொடர்பு தெரியவில்லை என்றார்கள். 2019-இல் இன்னும் பெரிய தரவுகளோடு வந்த ஆய்வும் கைகொடுக்கவில்லை. இந்த மறுப்புகளும் 2003 கட்டுரையைப் பட்டியலில் சேர்த்தவைதான். மறுப்பவரும் ஒன்று, ஏற்பவரும் ஒன்று, எண்ணிக்கை ஏறுகிறது. மறுத்தவரை ‘எடுத்தாண்டார்’ என்று எப்படிச் சொல்வது? மனநோய் உள்ள வீட்டில் இந்தத் தாளைப் படிப்பவர்கள், எண் பெரிதாக இருப்பதால் அந்த மரபணுக் கதை உறுதியானது என்று நம்பிவிடக் கூடாது. சுட்டுகை எந்தப் பக்கமும் சாயாத சொல்.

நீங்கள் சொன்ன திருட்டுப் பொருள் நியாயமான கவலை. வினையாக வரும் இடத்தில் ‘சுட்டினார்’ என்றே எழுதுவோம், ‘சுட்டார்’ வேண்டாம். முதல் முறை ‘ஆய்வுச் சுட்டுகை’ என்று முழுசாகப் போட்டுவிடலாம். தன் கட்டுரையைத் தானே சுட்டுவதற்குத் ‘தற்சுட்டுகை’ என்றும் எளிதாக வருகிறது. எச் சுட்டெண்ணோடும் ஒட்டுகிறது.

இதழ்களுக்கான இம்பேக்ட் ஃபேக்டர் வேறு கணக்கு: ஓர் ஆய்விதழின் அண்மைக் கட்டுரைகள் சராசரியாக எத்தனை முறை சுட்டப்படுகின்றன என்பது. ‘தாக்கக் காரணி’ ஏற்கெனவே புழங்குகிறது, அதைக் கலைக்க வேண்டாம் என்பது என் எண்ணம். தாள் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. மறுப்பு இருந்தால் அதற்குள் எழுதுங்கள்.

கொடைக்கானலிலிருந்து