கடைக்கு வேலைக்கு வரும் பிள்ளைகள் நிற்கிறார்கள் இல்லை, வழி சொல்லுங்கோ

அண்ணாமார், அக்காமார், கிளிநொச்சியில் ஏ9 வீதியோரம் கொத்து, ஃபிரைட் றைஸ், ஷவர்மா போடும் சின்னக் கடை என்னுடையது. வேலைக்குப் பிள்ளைகள் வருகிறார்கள், நிற்கத்தான் மாட்டார்கள். அநேகமானோர் உயர்தரம் எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருப்பவர்கள். முடிவு வந்தால் கம்பஸ், இல்லாவிட்டால் கொழும்பு, அதுவும் சரிவராவிட்டால் கட்டார்.

சம்பளம் மட்டும்தான் காரணம் என்று நான் நினைக்கவில்லை. 2026 ஜனவரியிலிருந்து சட்டப்படி குறைந்தபட்ச மாதச் சம்பளம் 30,000 ரூபாய். நான் அதற்கு மேலேதான் கொடுக்கிறேன். ஆனால் எங்கள் வியாபாரம் சூடுபிடிப்பதே பொழுதுபட்ட பிறகு. கடை கழுவிப் பூட்டும் நேரம் பஸ் இல்லை. தருமபுரத்துப் பிள்ளை எப்படி வீடு போவது? ஆடைத் தொழிற்சாலைக்குப் போனால் ஏற்றி இறக்க வாகனம் வரும், தாய் தகப்பனுக்கும் நிம்மதி. இங்கே கொத்துக் கல்லின் வெக்கையில் நின்றாலும் 'சாப்பாட்டுக் கடையில நிற்கிறான்' என்ற பேர்தான். கலியாணப் பேச்சில்கூட அது இடிக்குதாம்!

ஊழியர் சேமலாப நிதிக்கு (ஈ.பி.எஃப்.) என் பங்கு 12 வீதம் கட்டுகிறேன். பிள்ளைகளின் சம்பளத்தில் அவர்களின் பங்கு 8 வீதத்தை வெட்டும்போதுதான் முகம் மாறுகிறது, 'காசாகவே தாங்கோ அண்ணை' என்கிறார்கள்.

வவுனியா, முல்லைத்தீவில் கடை நடத்துபவர்கள் இரவில் ஆட்டோ பேசி விடுகிறீர்களா? செலவு கட்டுப்படியாகுமா? அப்புறம், வேலை அனுபவத்தை வைத்து சமையலுக்கு என்.வி.கியூ. (தேசிய தொழில் தகைமை) சான்றிதழ் எடுத்துக் கொடுத்த யாராவது இருந்தால், எங்கே தொடங்கினீர்கள் என்று சொல்லுங்கோ. வேலை செய்து பாதியில் விட்ட தம்பி, தங்கச்சிமாரும் கூச்சமில்லாமல் காரணத்தை எழுதலாம்.