கேஹெச் (கார்பனேட் கடினத்தன்மை) 4 உள்ள தண்ணீரில் எரியோகாலன் என்ற மீன்தொட்டிச் செடி வளருமா?

போர்வெல்வாசி:
"கேஹெச் 1-ஐத் தாண்டினால் எரியோகாலன் சினெரியம் கரைந்துவிடும், ஆர்ஓ வடிகட்டி இல்லாதவர்கள் வாங்கவே வேண்டாம்" என்று நேற்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. என் 2 அடித் தொட்டியில் கேஹெச் 4. ஐந்து மாதமாகிறது. நடுக்குருத்து பிரிந்து ஒரு செடி மூன்றாகிவிட்டது. புதிதாக வருபவர்களை ஏன் பயமுறுத்துகிறீர்கள்?

கோவைத்தொட்டி:
எழுதியது நான்தான், பெயர் சொல்லியே கேட்கலாம். கேஹெச் 4 எங்கே அளந்தது? குழாயிலா, தொட்டியிலா? தொட்டியடியில் போடும் செடி மண்ணான அக்வாசாயில், புதிதாக இருக்கும்போது தண்ணீரில் இருக்கும் கேஹெச்சை இழுத்துக்கொள்ளும். ஊற்றும்போது 4 இருந்தது மறுநாள் 1 ஆகியிருக்கும். மண்ணுக்கு அந்தச் சக்தி தீர்ந்ததும் வேர் கறுத்து, செடி நடுவிலிருந்து கரையும். அதற்கு ஐந்து மாதம் போதாது.

போர்வெல்வாசி:
கேஹெச் குறைந்த சிறுவாணித் தண்ணீர் குழாயில் வரும் ஊரில் இருந்துகொண்டு எங்களுக்குப் பாடம் எடுக்காதீர்கள். கேஹெச் 4-இல் பிஹெச் 6.6-க்கு இறங்கினால் தண்ணீரில் கரைந்த சிஓ2 (கரியமில வாயு) சுமார் 30 பிபிஎம். எனக்கு அது கிடைக்கிறது. செடிக்கு வேண்டியது சிஓ2தான்.

வயக்காடு:
அண்ணா, சினெரியம் நெல் வயலில் முளைக்கும் களை. அங்கே யார் ஆர்ஓ வைத்தார்கள்?

கோவைத்தொட்டி:
தம்பி, வயலில் அது இலையைக் காற்றில் விட்டு, பூத்து, விதை போட்டு, அதே பருவத்தில் செத்துப்போகும். நாம் முழுக்கத் தண்ணீருக்குள் வைத்து வருடக்கணக்கில் காப்பாற்றப் பார்க்கிறோம். இரண்டும் ஒன்றா? 2 அடித் தொட்டிக்காரர் இன்னும் பதில் சொல்லவில்லை. குழாயா, தொட்டியா?

போர்வெல்வாசி:
போன வருடம் என் பிளிக்ஸாச் செடியை வாங்கிக்கொண்டு பதிலுக்கு நீங்கள் அனுப்பிய எரியோகாலன் மூன்றே நாளில் கரைந்தது. வேரெல்லாம் கறுப்பு. அதைப் பற்றி முதலில் பேசுங்கள்.

கோவைத்தொட்டி:
வெள்ளை வேரோடுதான் பொட்டலம் கட்டினேன், அனுப்பும் முன் எடுத்த படம் இருக்கிறது. உங்கள் பிளிக்ஸாவோடு வந்த நத்தையை நான் இன்றுவரை பொறுக்குகிறேன். யாரிடமும் சொன்னதில்லை.

வயக்காடு:
கொஞ்சம் கேஹெச்சுக்கு வாருங்கள்.

போர்வெல்வாசி:
கேஹெச் 4. எத்தனை தடவை சொல்வது? நான் யாருக்கும் படம் போட்டு நிரூபிக்க வேண்டியதில்லை.

கோவைத்தொட்டி:
படம் வேண்டாம். சனிக்கிழமை தண்ணீர் மாற்றும் முன் தொட்டித் தண்ணீரை எடுத்துக் கேஹெச் சோதனைத் திரவத்தைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். ஒரு சொட்டுக்கு ஒரு டிகிரி. எத்தனையாவது சொட்டில் நீலம் மஞ்சளானது என்று மட்டும் எழுதுங்கள்.

போர்வெல்வாசி:
கேஹெச் 4.