சிறிய எஸ்யூவி வாங்க வேண்டும்: விலையைக் கேட்டால் தவணையைச் சொல்கிறார்கள்

பின்சீட்டு மகள்:
வணக்கம். அம்மாவுக்கு முழங்கால் வலி. இப்போதிருக்கும் தாழ்வான காரிலிருந்து அவர் இறங்கி முடிப்பதற்குள் எனக்கே மூச்சு வாங்குகிறது. அதனால்தான் சிறிய எஸ்யூவி. மலையேறும் ஆசையோ ஆற்றைக் கடக்கும் உத்தேசமோ இல்லை. இருக்கை உயரமாக இருக்க வேண்டும். மடக்கிய சக்கர நாற்காலியை நான் ஒருத்தியாகவே தூக்கி டிக்கியில் வைக்க முடிய வேண்டும். அவ்வளவுதான்.

ஷோரூமில் "மொத்தம் எவ்வளவு?" என்றால், "மாதம் எவ்வளவு கட்ட முடியும் மேடம்?" என்கிறார்கள். ஓட்டப்போவது நான், பணம் கட்டப்போவதும் நான். விளக்கம் மட்டும் என் கணவருக்கு. அவருக்கு லைசென்ஸே கிடையாது. பாவம், எல்லாம் புரிந்ததுபோல் தலையாட்டிக்கொண்டிருந்தார். நாற்காலியைக் கொண்டுவந்து வைத்துப் பார்க்கலாமா என்று கேட்டதற்கு, "டிக்கி 400 லிட்டர், கவலையே வேண்டாம்" என்று பதில். லிட்டரில் அளக்க அது என்ன தண்ணீர்த் தொட்டியா?

பழைய காரையும் அங்கேயே கொடுத்துவிட நினைக்கிறேன். பேச்சை எங்கிருந்து தொடங்குவது? நான்கு சக்கர இயக்கம், அதாவது எஞ்சினின் விசை நான்கு சக்கரங்களுக்கும் போவது, அவசியமா?

பழைய விற்பனையாளன்:
சகோதரி, நான் அந்த மேசைக்கு மறுபக்கம் உட்கார்ந்து பிழைத்தவன். மாதத் தவணையைக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. நீங்கள் ஒரு தொகையைச் சொன்னதும், கடன் காலத்தை நீட்டி எந்தக் காரையும் அந்தத் தொகைக்குள் அடக்கிவிடலாம். ஆண்டு வட்டி 9 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 3 ஆண்டுகளில் அடைத்தால் மொத்த வட்டி, வாங்கிய கடனில் ஏறத்தாழ 14.5 சதவீதம். அதையே 7 ஆண்டுகளுக்கு இழுத்தால் 35 சதவீதம். தவணை பாதியாகிவிடும், நீங்களும் மகிழ்ச்சியாகக் கையெழுத்துப் போடுவீர்கள்.

புதிய காரின் விலை, பழைய காரின் விலை, கடன் என இவை மூன்றும் தனித்தனி வியாபாரம். மூன்றையும் ஒரே தாளில் கலக்கும்போதுதான் வாங்குபவருக்குக் கண்ணைக் கட்டுகிறது. பழைய காருக்கு நீங்கள் எதிர்பார்த்ததைவிட அதிகம் கொடுத்தால், புதிய காரின் தள்ளுபடியில் அது கழிந்திருக்கும். ஆகவே பழைய காரைப் பற்றி முதலில் வாயே திறக்காதீர்கள். வரி, பதிவு, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்த மொத்த விலையை வரிவரியாக எழுதி வாங்குங்கள். இரண்டு மூன்று இடங்களில் வாங்கிய பிறகு பேசுங்கள். வங்கியில் கடனுக்கு முன்அனுமதி பெற்றுக்கொண்டு போனால் இன்னும் நல்லது.

மாதக் கடைசியில் போனால் கொஞ்சம் இளகுவார்கள். இலக்கு எட்டாத விற்பனையாளனின் முகம் எப்படியிருக்கும் என்று எனக்கு நன்றாகவே தெரியும்!

லிட்டர் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். ஒரு லிட்டர் கொள்ளளவுள்ள சிறு கட்டைகளை, அதாவது 200 × 100 × 50 மில்லிமீட்டர் அளவுள்ளவற்றை, மூலைமுடுக்கெல்லாம் அடுக்கி எண்ணுவது ஒரு முறை. கட்டை நுழையும் இடத்தில் நாற்காலிச் சக்கரம் நுழையாது. கொண்டுபோய் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

ஈரச்சாலை:
நான்கு சக்கர இயக்கம் சேற்றிலும் பனியிலும் வண்டி கிளம்ப உதவும். பிரேக் பிடித்து நிற்பதற்கு உதவாது. அது டயரின் வேலை. உங்கள் தேவைக்கு அது வீண் எடை, கூடுதல் எரிபொருள். அந்தப் பணத்தை நல்ல டயரில் போடுங்கள். மோதல் சோதனை நட்சத்திரங்களைக் காட்டினால், எந்த ஆண்டுச் சோதனை என்று கேளுங்கள். விதிகள் வரவரக் கடுமையாகின்றன; பழைய ஐந்து நட்சத்திரமும் இன்றைய ஐந்து நட்சத்திரமும் ஒன்றல்ல.

பின்சீட்டு மகள்:
இருவருக்கும் நன்றி. நாற்காலியோடும் அம்மாவோடும் போய் வந்தேன். கணவரை வீட்டிலேயே விட்டுவிட்டேன். என்ன ஆச்சரியம், இம்முறை என்னைப் பார்த்தே பேசினார்கள்.

400 லிட்டர் டிக்கியில் நாற்காலி போகவில்லை. இடம் இருக்கிறது, வாய் குறுகல். இன்னொரு காரில் தாராளமாகப் போனது. ஆனால் டிக்கியின் விளிம்பு என் இடுப்புக்கு மேல், தூக்குவதற்குள் தோள் போய்விடும். மூன்றாவது கார் சரியாக அமைந்தது.

இருக்கை விஷயத்தில் அம்மாதான் எனக்குப் பாடம் எடுத்தார். தாழ்ந்தாலும் துன்பம், மிக உயர்ந்தாலும் துன்பம். ஒரு காரில் ஏணி ஏறுவதுபோல் ஏறி உட்கார்ந்தார். பாதம் தரையைத் தொடவேயில்லை. பின்புறத்தை இருக்கையில் வைத்து அப்படியே திரும்பி, காலை உள்ளே எடுத்துக்கொள்ளும் உயரம்தான் அவருக்கு ஒத்து வருகிறது. கதவுக்குக் கீழுள்ள படிப்பகுதி அகலமாக இருந்தால் காலை எட்டி வைக்க வேண்டியிருக்கிறது. பின்கதவு எவ்வளவு தூரம் திறக்கிறது என்பதும் முக்கியம். இதெல்லாம் எந்த விளம்பரத் தாளிலும் இல்லை.

மூன்றாவது காருக்கு மொத்த விலையை எழுதித் தந்திருக்கிறார்கள். அதில் பெயின்ட் பாதுகாப்புப் பூச்சு, துணைப்பொருள் தொகுப்பு, கையாளும் கட்டணம் என்று நான் கேட்காத மூன்று வரிகள் இருக்கின்றன. "கம்பெனி விதி" என்கிறார் அந்தப் பையன்.

குறுக்குத்தெரு:
டெஸ்ட் டிரைவை அவர்கள் சொல்லும் வழவழப்பான சாலையில் மட்டும் முடித்துவிடாதீர்கள். மேடுபள்ளமான தெருவில் வேறு யாரையாவது ஓட்டச் சொல்லிவிட்டு, நீங்கள் பின்னால் அம்மா பக்கத்தில் உட்காருங்கள். வண்டி கைக்கு வரும்போது டயரின் பக்கவாட்டில் 'DOT' என்று தொடங்கும் எழுத்து வரிசையின் முடிவில் வரும் நான்கு இலக்க எண்ணைப் பாருங்கள். 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. யார்டில் நெடுநாள் நின்ற வண்டி என்றால் அங்கே தெரிந்துவிடும். பகல் வெளிச்சத்தில் பாருங்கள். கழுவிய ஈரம் காய்ந்த பிறகு பாருங்கள். ஸ்டெப்னி இருக்கிறதா, பஞ்சர் ஒட்டும் திரவம் மட்டும்தானா என்றும் கேளுங்கள்.

பழைய விற்பனையாளன்:
அந்த மூன்று வரிகளையும் அடித்துவிட்டுப் புதிய தாள் கேளுங்கள். பூச்சும் துணைப்பொருளும் நீங்கள் விரும்பினால் மட்டும். கையாளும் கட்டணம் எதற்கு என்று எழுத்தில் கேட்டாலே பாதி வேலை முடிந்துவிடும். பையனிடம் கோபப்பட வேண்டாம், அவன் கையில் ஒன்றுமில்லை. மேலாளரைப் பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள். மற்ற இரண்டு ஷோரூம்களின் தாள்களையும் பையில் வைத்துக்கொண்டு போங்கள். முன்பணத்தை அதுவரை கொடுக்காதீர்கள்.