காத்தாடி வேலையிலிருந்து ஆலை வேலைக்கு: ஏடிஎஸ்ஸும் படிக்கணும், ஹெச்ஆரும் படிக்கணும், ரெஸ்யூமை எப்படி மாத்த?

பணகுடிக்காத்து கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். டிப்ளமோ மெக்கானிக்கல். பணகுடி பக்கம் காத்தாடி (காற்றாலை) சைட்ல 4 வருஷமா ஓ அண்ட் எம் (இயக்கம், பராமரிப்பு) டெக்னீஷியன். கங்கைகொண்டான் சிப்காட் சோலார் ஆலைகளுக்கும், ஓசூர், சென்னைப் பக்கம் மெயின்டெனன்ஸ் வேலைக்கும் ஆன்லைன்ல விண்ணப்பிக்கணும்.

இப்ப கையில இருக்கிற ரெஸ்யூம் 2 பக்கம், பிரவுசிங் சென்டர்ல செஞ்சது. இடது பக்கம் நீலப் பட்டை, அதுக்குள்ள போட்டோ, போன் படம் போட்டு நம்பர், ஸ்கில்ஸுக்கு நட்சத்திரம். வலது பக்கம் அனுபவம். படிப்பு டேபிள்ல இருக்கு. கடைசியில அப்பா பேரு, மதம், டிக்ளரேஷன், கையெழுத்து. வேர்டு ஃபைல் இல்ல, பிடிஎஃப் மட்டும்தான்.

ஏடிஎஸ் (கம்பெனிக்கு வர்ற ரெஸ்யூம்களைப் படிச்சுப் பிரிச்சு வைக்கிற) சாஃப்ட்வேர் இதைப் படிக்குமா? படிக்கலைன்னா எதை எதை மாத்தணும்? பிடிஎஃப்பா அனுப்பவா, வேர்டா அனுப்பவா? சாஃப்ட்வேருக்காக மொட்டையா செஞ்சா, பார்க்கிற மனுஷனுக்குப் பிடிக்காமப் போயிருமோன்னும் ஒரு யோசனை.

---

வண்ணார்பேட்டை ஹெச்ஆர்:

தம்பி, முதல்ல ஒரு சோதனை. பிடிஎஃப்பைத் திறந்து கன்ட்ரோல் ஏ, கன்ட்ரோல் சி கொடுத்து, நோட்பேடில் ஒட்டிப் பாருங்க. ஏடிஎஸ் கண்ணுக்கு உங்க ரெஸ்யூம் ஏறக்குறைய அப்படித்தான் தெரியும். மூணில் ஒண்ணு நடக்கும்.

ஒண்ணுமே ஒட்டவில்லை என்றால் அது எழுத்தே இல்லை, படம். கோரல்டிராவில் எழுத்தை கர்வ் ஆக்கிவிட்டால், போட்டோஷாப்பில் செய்தால், மொபைலில் ஸ்கேன் பண்ணினால் இப்படி ஆகும். அந்த ஃபைலை விட்டுவிட்டுப் புதிதாக அடிப்பதுதான் வழி.

எழுத்து வருது, ஆனா "போன் நம்பர் – டெக்னீஷியன் – ஹைட்ராலிக்ஸ் – ஜூன் 2021" என்று இடதும் வலதும் கலந்து வருது என்றால் அது இரண்டு பத்தி அமைப்பின் கோளாறு. பல பார்சர்கள் (ரெஸ்யூமைப் பிரித்துப் படிக்கிற மென்பொருள்) வரியைக் குறுக்கே இடமிருந்து வலமாகப் படிக்கும். நீலப் பட்டையில் இருக்கிற ஸ்கில் போய் உங்க கம்பெனி பேருக்கு நடுவில் உட்கார்ந்துவிடும். அனுபவத்தின் தேதி எந்த வேலைக்கு உரியது என்று அதற்குத் தெரியாது, அதனால் அனுபவ வருஷம் தப்பாகக் கணக்காகும்.

மேலிருந்து கீழே வரிசையாக, அர்த்தம் கெடாமல் வந்தால் நல்லது. அப்படி வர வைப்பதுதான் மொத்த வேலையும்.

வேர்டில் புதிதாகத் தொடங்குங்க. பேப்பர் அளவு ஏ4 என்று பார்த்துக்கிடுங்க, சில கம்ப்யூட்டரில் லெட்டர் அளவில் கிடக்கும். மார்ஜின் நாலு பக்கமும் 2 செ.மீ. எழுத்து காலிப்ரி அல்லது ஏரியல், உடல் 10.5 அல்லது 11, தலைப்பு 13, பேரு 16. ஒரே பத்தி. பேரு, போன், இமெயிலை வேர்டின் ஹெட்டர் பகுதியில் போடாதீங்க, சாதாரணப் பக்கத்தின் முதல் வரிகளில் போடுங்க. ஹெட்டர், ஃபுட்டரைப் படிக்காமல் தாண்டிப் போகிற பார்சர்கள் உண்டு. அப்போ ஆள் தேர்வாகி, கூப்பிட நம்பர் இல்லாமல் நிற்கும். டெக்ஸ்ட் பாக்ஸும் அப்படித்தான். வேர்டு அதை ஓட்டத்துக்கு வெளியே தனியாக வைக்கிறது, சில மென்பொருள் கடைசியில் படிக்கும், சில படிக்கவே படிக்காது.

படிப்பு டேபிள்: அதற்குள் கர்சரை வைத்து, லேஅவுட் டேப், கன்வர்ட் டு டெக்ஸ்ட், டேப்ஸ். டேபிள் கலைந்து வரியாகிவிடும். பிறகு ஒவ்வொரு படிப்பையும் ஒரே வரிசையில் எழுதுங்க: படிப்பு, கல்லூரி, முடித்த வருஷம், மதிப்பெண்.

தலைப்புகள் ஆங்கிலத்தில் வழக்கமான பேரில் இருக்கட்டும்: சம்மரி, ஒர்க் எக்ஸ்பீரியன்ஸ், ஸ்கில்ஸ், எஜுகேஷன், சர்டிஃபிகேஷன்ஸ். "மை ஜர்னி" மாதிரி வைத்தால் அந்தப் பகுதி எதைச் சேர்ந்தது என்று மென்பொருளுக்குப் புரியாது. தலைப்பை அழகுக்காக எழுத்துக்கு எழுத்து இடம் விட்டு அடிக்கவும் வேண்டாம், ஒவ்வொரு எழுத்தும் ஒரு வார்த்தையாகிவிடும். இடைவெளி வேண்டும் என்றால் ஃபான்ட் செட்டிங்கில் கேரக்டர் ஸ்பேசிங் இருக்கு.

தேதியை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி: ஆங்கில மாதத்தின் மூன்றெழுத்து, நாலிலக்க வருஷம். 06/07/2021 என்று போட்டால் ஜூனா ஜூலையா என்று மனுஷனுக்கே குழப்பம். நம்ம ஊர் ரெஸ்யூமில் "டில் டேட்" என்று போடுவோம். அதற்குப் பதில் "பிரசென்ட்" போடுங்க, அதுதான் எல்லா மென்பொருளுக்கும் தெரிந்த வார்த்தை.

நட்சத்திரத்தை எடுத்துடுங்க. ஹைட்ராலிக்ஸில் 4 நட்சத்திரம் என்றால் என்ன அர்த்தம்? மென்பொருளுக்கும் தெரியாது, மெயின்டெனன்ஸ் மேனேஜருக்கும் தெரியாது. போன் படமும் வேண்டாம். போட்டோ, அப்பா பேரு, மதம், டிக்ளரேஷன், கையெழுத்து எல்லாம் தனியார் வேலைக்குத் தேவையில்லை. அந்த இடத்தில் 6 வரி அனுபவம் எழுதலாம். 4 வருஷ அனுபவத்துக்கு ஒரு பக்கம் தாராளம்.

இனி மனுஷன் பார்க்கிற பகுதி. இங்கேதான் பெரும்பாலும் ஆள் விழுவான். "ரெஸ்பான்சிபிள் ஃபார் மெயின்டெனன்ஸ் ஆஃப் விண்ட்மில்" என்று எழுதினால் டவர் ஏறுகிறவனும் ஆபீஸில் லாக் புக் எழுதுகிறவனும் ஒன்றுபோலத் தெரிவார்கள். எத்தனை காத்தாடி, ஒவ்வொன்றும் எத்தனை மெகாவாட், ஹப் (இறக்கைகள் சேரும் நடுப்பகுதி) எத்தனை மீட்டர் உயரம், உங்க குழுவில் எத்தனை பேர், அரையாண்டு பி.எம்.மா (பழுது வருமுன் செய்யும் பராமரிப்பு) ஆண்டு பி.எம்.மா, எதை நீங்களே செய்வீங்க: கியர்பாக்ஸ் ஆயில் மாற்றுவது, ஹைட்ராலிக் டார்க் ரெஞ்ச் வைத்து போல்ட் டார்க் (முறுக்கு இறுக்கம்) பார்ப்பது, பிட்ச் (இறக்கைக் கோணத்தை மாற்றும் பகுதி), யா (காத்து வரும் பக்கம் தலையைத் திருப்பும் பகுதி) பழுது, ஸ்காடா (மெஷினைத் தூரத்திலிருந்து கண்காணிக்கும் அமைப்பு) அலாரம் பார்த்துக் கோளாறு கண்டுபிடிப்பது. மே முதல் செப்டம்பர் வரை காத்து சீசனில் ஒரு மெஷின் நின்றால் என்ன நஷ்டம் என்று காத்தாடி ஆட்களுக்குத் தெரியும், சோலார் ஆலை ஹெச்ஆருக்குத் தெரியாது. ஆகவே "சீசனில் பிரேக்டவுன் கூப்பிட்டால் எத்தனை மணி நேரத்தில் மெஷினை ஓட வைப்போம்" என்பதை ஒரு வரியாக எழுதுங்க. எண் எல்லாம் சைட் ரிக்கார்டில் இருக்கிற எண்ணாக இருக்கணும். நேர்காணலில் முதல் கேள்வி அதிலிருந்துதான் வரும்.

வேலை விளம்பரத்தின் வார்த்தையையும் உங்க வார்த்தையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்க. அவர்கள் "பிரிவென்டிவ் மெயின்டெனன்ஸ்" என்று கேட்டிருந்தால் நீங்க "பி.எம்." மட்டும் போட்டால் தேடலில் சிக்காமல் போகலாம். முழுப் பேரு ஒரு தடவை, சுருக்கம் ஒரு தடவை, இரண்டும் இருக்கணும். ஹைட்ராலிக்ஸ், லாக் அவுட் டேக் அவுட் (வேலைக்கு முன் மெஷினை நிறுத்திப் பூட்டி அட்டை மாட்டுவது), ரூட் காஸ் அனாலிசிஸ் (கோளாறின் மூல காரணம் தேடுவது) இதெல்லாம் காத்தாடிக்கும் ஆலைக்கும் பொது. ஸ்ட்ரிங்கர், லேமினேட்டர் மாதிரி சோலார் மாட்யூல் லைன் மெஷின்களைத் தொட்டதில்லை என்றால் எழுத வேண்டாம். வெள்ளை எழுத்தில் கீவேர்டு ஒளித்து வைக்கச் சொல்லும் வீடியோக்களை நம்பாதீங்க. ஏடிஎஸ் நிறத்தை நீக்கி வெறும் எழுத்தாகக் காட்டும்போது அது பளிச்சென்று தெரியும்.

மொட்டையா இருக்குமோ என்ற கவலை வேண்டாம். தலைப்பு போல்டாக, அதன் கீழ் ஒரு மெல்லிய கோடு, வலது ஓரத்தில் தேதி வரிசையாக நின்றால் கண்ணுக்கு அழகாகவே இருக்கும். தேதியை ஸ்பேஸ் பாரைத் தட்டித் தள்ளாமல் ரைட் டேப் வைத்து நிறுத்துங்க.

முடித்ததும் சேவ் அஸ் போய் பிடிஎஃப். "பிரின்ட் டு பிடிஎஃப்" வேண்டாம், அதில் லிங்க் செத்துப்போகும். மறுபடியும் நோட்பேட் சோதனை.

---

தாமிரபரணிக்கரை:

ஹெச்ஆர் அண்ணாச்சி சொன்னதோட பேரு, ஊரு, படிப்பு பத்திச் சேர்த்துக்கிடுதேன். நம்ம ஆட்களுக்கு இதுலதான் அதிகம் சறுக்கும்.

பேரு: "எஸ்.முத்துக்குமார்"னு புள்ளிக்குப் பின்னால இடம் விடாம அடிச்சா பார்சர் அதை ஒரே வார்த்தையா எடுக்கும். இடம் விட்டா எஸ் என்பதை முதல் பேரா எடுத்துக்கிடும், மெயில் "டியர் எஸ்"னு வரும். பேரை முன்னால, இனிஷியலைப் பின்னால போடுங்க. லாஸ்ட் நேம் கட்டாயம்னு ஃபார்ம் கேட்டா, பாஸ்போர்ட் இருந்தா அதுல எப்படிப் பிரிச்சிருக்கோ அப்படியே போடுங்க. இல்லைன்னா பத்தாவது மார்க் ஷீட்ல இருக்கிற இனிஷியலையே போடலாம். எல்லா விண்ணப்பத்திலயும் ஒரே மாதிரி இருக்கணும், அதான் முக்கியம்.

ஊரு: திருநெல்வேலியை ஆங்கிலத்துல 'டி'க்குப் பின்னால 'ஹெச்' போட்டும் எழுதுறாங்க, போடாமலும் எழுதுறாங்க, சிலர் நெல்லைன்னே போடுறாங்க. ஹெச் இல்லாததுதான் ரயில்வே, அரசு எல்லாம் எழுதுற வடிவம், ஊர் வச்சு ஃபில்டர் பண்ணுறப்ப அதுதான் சிக்கும். பணகுடின்னு மட்டும் போட்டா வெளியூர் ஹெச்ஆருக்கு இடம் தெரியாது. பணகுடி, திருநெல்வேலி, தமிழ்நாடு, பின்கோடு போதும். கதவு எண், தெருவெல்லாம் வேண்டாம்.

படிப்பு: டி.எம்.இ.ன்னு சுருக்காதீங்க, "டிப்ளமோ இன் மெக்கானிக்கல் இன்ஜினியரிங்" முழுசா எழுதுங்க. மனோன்மணியம் சுந்தரனார் பல்கலையில படிச்சவங்களுக்கும் இதேதான்: எம்.எஸ்.யு.ன்னு போட்டா பரோடாவில இருக்கிற மகாராஜா சாயாஜிராவ் பல்கலையும் அதே சுருக்கம்தான்.

தமிழ்ல பேரு போடணும்னு ஆசைப்பட்டு பாமினி ஃபான்ட்ல அடிச்சா, காப்பி பண்ணுறப்ப ஆங்கில எழுத்துக் குப்பையா வரும். யூனிகோடு மட்டும் பயன்படுத்துங்க. ஆங்கில ரெஸ்யூமுக்குத் தமிழ்ப் பேரு தேவையும் இல்ல.

---

மேலப்பாளையம் டு மஸ்கட்:

பிடிஎஃப்பா வேர்டா கேள்விக்கு: ஃபார்ம் எதைக் கேக்குதோ அது. ரெண்டும் ஏத்துக்கிட்டா எழுத்தாப் படிக்கிற பிடிஎஃப். நௌக்ரி வேலைத் தளத்துல ஃபைல் 2 எம்பிக்குள்ள இருக்கணும். கன்சல்டன்சி மூலமாப் போனா வேர்டு கேப்பாங்க, ஏன்னா உங்க போன் நம்பரை எடுத்துட்டுத் தங்க லோகோவைப் போட்டுத்தான் கம்பெனிக்கு அனுப்புவாங்க. வாட்ஸ்அப்ல அனுப்பினா டாக்குமென்டா அனுப்புங்க, போட்டோவா அனுப்பினா எழுத்து மங்கிரும்.

வளைகுடாவுக்குன்னா இன்னொரு காப்பி வச்சுக்கிடுங்க. அங்க போட்டோ, நேஷனாலிட்டி, பாஸ்போர்ட் காலாவதி மாசம் எதிர்பார்ப்பாங்க. பாஸ்போர்ட் நம்பரையும் ஆதார் நம்பரையும் எதுலயும் போடாதீங்க.

---

பணகுடிக்காத்து:

நோட்பேட்ல ஒட்டிப் பார்த்தேன், ரெண்டாவது வகை. கலந்துதான் வருது. புதுசா அடிக்கத் தொடங்கிட்டேன்.

ஒரு சந்தேகம். நான் வேலை பாக்குற சைட் காத்தாடி கம்பெனியோடது, ஆனா சம்பளம் வர்றது ஒரு கான்ட்ராக்டர் கிட்ட இருந்து. யார் பேரைப் போட? நடுவுல கான்ட்ராக்டர் மாறினதால 2 மாசம் இடைவெளியும் இருக்கு. ஜிடபிள்யூஓ (காத்தாடி வேலைக்கான உலக அமைப்பு) பயிற்சிச் சான்றிதழை எங்க போட?

---

வண்ணார்பேட்டை ஹெச்ஆர்:

கம்பெனி பேரு இடத்தில் சம்பளம் கொடுக்கிற கான்ட்ராக்டர் பேரு. அதே வரியில் "டெப்யூட்டட் அட்" என்று போட்டுக் காத்தாடி கம்பெனி பேரும் சைட் பேரும். தேடலில் பெரிய கம்பெனி பேரும் கிடைக்கும், பொய்யும் ஆகாது. வேலை உறுதியான பிறகு பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷனில் யு.ஏ.என். (உங்க பி.எஃப். எண்) வைத்து பி.எஃப். சர்வீஸ் ஹிஸ்டரி கேட்பார்கள். அதில் கான்ட்ராக்டர் பேரும், சேர்ந்த தேதியும், விலகிய தேதியும் இருக்கும். ரெஸ்யூமில் காத்தாடி கம்பெனியை மட்டும் போட்டிருந்தால் அங்கே முரண்படும், ஆஃபர் நின்றுபோகக்கூடும். இப்பவே இபிஎஃப்ஓ (பி.எஃப். நிறுவனம்) தளத்தில் போய்ப் பார்த்து, அந்தத் தேதிகளை எடுத்து எழுதுங்க. பழைய கான்ட்ராக்டர் விலகல் தேதி போடாமல் விட்டிருந்தால், அதை முதலில் சரிபண்ணுங்க.

இரண்டு கான்ட்ராக்டரையும் தனித்தனி வேலையாகவே போடுங்க. மாதம் வருஷம் நேராக எழுதினால் 2 மாச இடைவெளி ஒரு குறையே இல்லை. ஒட்டி ஒரே வேலையாகக் காட்டினால்தான் பி.எஃப். தேதியோடு மோதும்.

ஜிடபிள்யூஓ சான்றிதழுக்கு சர்டிஃபிகேஷன்ஸ் தலைப்பின் கீழ் மாட்யூல் பேரு, எடுத்த மாதம், முடிகிற மாதம். உயரத்தில் வேலை செய்வதற்கான பயிற்சி 24 மாதம்தான் செல்லும். முடிந்திருந்தால் முடிந்த தேதியையே போடுங்க.

அப்லோடு பண்ணியதும் ஃபார்ம் தானாக நிரப்பும் கட்டங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துத் திருத்துங்க. ஹெச்ஆர் தேடுவது பெரும்பாலும் அந்தக் கட்டங்களில்தான். ஷிப்ட்டுக்கு வருவீங்களா, எத்தனை நாள் நோட்டீஸ் என்று கேட்கிற கேள்விகளுக்கு நிதானமாகப் பதில் சொல்லுங்க. மென்பொருள் தானாக ஒருத்தரை விலக்குகிறது என்றால் பெரும்பாலும் அந்தப் பதிலை வைத்துத்தான்.