இங்கிலாந்தில் எம்.எஸ்சி: முதல் கட்டுரைக்கு 56 மார்க். பயப்பட வேண்டுமா?

வைகைக்கரை (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். நான் மதுரைக்காரி. அட்டானமஸ் கல்லூரி ஒன்றில் பி.எஸ்சி மைக்ரோபயாலஜி முடித்துவிட்டு, செப்டம்பரில் லீட்ஸுக்கு எம்.எஸ்சி பப்ளிக் ஹெல்த் படிக்க வந்தேன். ஒரு வருடப் படிப்பு. வங்கிக் கடன், அப்பாவின் பி.எஃப். பணம், மாமாவிடம் கைமாற்று என்று எல்லாம் சேர்த்துத்தான் விமானம் ஏறினேன். அதனால் கொஞ்சம் படபடப்போடுதான் எழுதுகிறேன்.

முதல் கட்டுரை 2000 வார்த்தை. 1854-ல் லண்டன் சோஹோவில் பரவிய காலராவை டாக்டர் ஜான் ஸ்னோ ஆராய்ந்ததைப் பற்றி மதிப்பிட்டு எழுதச் சொன்னார்கள். எனக்குப் பிடித்த விஷயம். நோயைப் பரப்பியது இதன் தண்ணீர்தான் என்று அவர் சொன்ன பிராட் தெரு அடிபம்பு, 600-க்கு மேற்பட்ட சாவுகள், அவர் போட்ட வரைபடம், செப்டம்பர் 8-ல் பம்பின் கைப்பிடியைக் கழற்றியது, எதையும் விடவில்லை. என் பாடம் என்பதால் காலராக் கிருமியான விப்ரியோ காலரே குடலில் என்ன செய்கிறது, நச்சு எப்படி வேலை செய்கிறது என்று மூன்று பாரா தனியாக எழுதினேன்.

நேற்று ரிசல்ட். 56. கீழே ஒரு குறிப்பு: தகவல்கள் சரி, விவரிப்பு அதிகம், பகுப்பாய்வு குறைவு. விப்ரியோ பாராக்களின் ஓரத்தில் 'அதனால் என்ன?' என்று மட்டும் எழுதியிருந்தது. காலேஜில் 85-க்குக் கீழே நான் பார்த்ததே இல்லை. தகவல் எல்லாம் சரி என்றால் அந்த 44 மார்க் எங்கே போனது? மறுமதிப்பீட்டுக்குப் பணம் கட்டலாமா? வார இறுதியில் வேர்ஹவுஸ் ஷிஃப்ட் போகிறேன், அதை விட்டுவிடட்டுமா? ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் அப்பா மார்க்கைக் கேட்பார், அதற்கு என்ன சொல்ல? இங்கே மூன்றேமுக்காலுக்கே இருட்டிவிடுகிறது. அதற்கப்புறம் மண்டையில் எதுவும் ஏறுவதில்லை.

கோவைச்_செந்தில்

தங்கச்சி, 56 என்றால் பாஸ். பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் முதுகலைக்கு 50 பாஸ், 60 மெரிட், 70 டிஸ்டிங்ஷன். கட்டுரைக்கு 80-க்கு மேல் போடுவது அபூர்வம். கணக்குப் பாடத்தில் வேண்டுமானால் 95 பார்க்கலாம்.

நம் ஊரில் கீ வைத்துக்கொண்டு பாயிண்டுக்கு இவ்வளவு என்று போடுவார்கள். இங்கே கட்டுரையை முழுதாகப் படித்து, இது பாஸ் ரகமா, மெரிட் ரகமா என்று முடிவு செய்துவிட்டு, அந்த ரகத்துக்குள் ஒரு எண்ணைப் போடுகிறார்கள். அதனால் 'போன 44' என்று ஒன்று கிடையாது. நான் ஷெஃபீல்டில் படித்தபோது ஆந்திரா, நைஜீரியா, சீனா என்று வெளியிலிருந்து வந்த அத்தனை பேரும் முதல் செமஸ்டரில் ஐம்பதுகளில்தான் கிடந்தோம். இங்கேயே இளங்கலை முடித்தவர்கள் அறுபதுகளில் இருந்தார்கள். மூன்று வருடம் இப்படியே எழுதிப் பழகிய கை அது.

வேலையை அடியோடு விட வேண்டாம், வாடகை யார் கொடுப்பது? ஞாயிறு இரவு ஷிஃப்ட் இருந்தால் அதை மட்டும் விடுங்கள், திங்கள் காலை லெக்சரில் தூங்குவீர்கள். அப்புறம், மாணவர் விசாவில் படிப்புக் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான் வேலை என்ற அந்தக் கணக்கு. திங்கள் முதல் ஞாயிறு வரை ஒரு வாரம். ஒரு வாரம் 25 மணி, அடுத்த வாரம் 15 மணி, சராசரி 20 என்று சூப்பர்வைசர் ஆசை காட்டினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். சராசரிக் கணக்கு செல்லாது, விசாவுக்கே வினையாகிவிடும்.

அப்பாவிடம் மொட்டையாக 56 என்று சொல்லாதீர்கள். 70 வாங்கினால் இங்கே முதல் தரம், அங்கிருந்து 14 தள்ளி நிற்கிறேன் என்று சொல்லுங்கள். பொய்யும் இல்லை, அவருக்கும் புரியும்.

பழைய_லண்டன்வாசி

லட்சக்கணக்கில் ஃபீஸ் வாங்கிக்கொண்டு 56 போடுகிறான். நம் பெயரைப் பார்த்தாலே கை இறங்காது அவனுக்கு. எதிர்த்துக் கேளுங்கள் அம்மா, சும்மா விடாதீர்கள்.

சிவப்புமை

மேலே சொன்னவருக்கு: பெரும்பாலும் பெயரே தெரியாது ஐயா, மாணவர் எண் மட்டும்தான் வரும். நான் இங்கே பிஎச்.டி. செய்கிறேன், கூடவே முதல் செமஸ்டர் கட்டுரைகள் திருத்துகிறேன். ஃபீஸ் கொள்ளை என்பதில் உங்களோடு நானும் கட்சி.

வைகைக்கரை, மறுமதிப்பீடு என்பதை மறந்துவிடுங்கள். இங்கே 'இது 56-க்குத் தகுமா 62-க்குத் தகுமா' என்ற ஆசிரியரின் தீர்ப்பை எதிர்த்து முறையீடு செய்ய முடியாது. நடைமுறையில் தவறு, கூட்டலில் பிழை, உடம்பு சரியில்லாததைக் கணக்கில் எடுக்கவில்லை, இப்படி ஏதாவது இருந்தால்தான் வழி உண்டு. ஒரு பகுதி விடைத்தாள்களை இரண்டாவது ஆள் ஏற்கெனவே பார்த்திருப்பார். வேறு பல்கலைக்கழகத்திலிருந்து வரும் தேர்வாளர் ஒருவரும் மாதிரிகளைப் பார்ப்பார்.

இப்போது உங்கள் கட்டுரைக்கு வருவோம். நான் அதைப் படிக்கவில்லை, ஆனால் இதே தலைப்பில் நிறையப் படித்திருக்கிறேன். 'செப்டம்பர் 8-ல் கைப்பிடியைக் கழற்றினார்கள், காலரா நின்றது' என்று ஒரு வாக்கியம் அதில் இருக்கும் என்று பந்தயம் கட்டுவேன். அங்கேதான் மெரிட் நழுவுகிறது. கைப்பிடியைக் கழற்றும் முன்பே சாவு இறங்கத் தொடங்கிவிட்டது. பாதிப் பேட்டை ஊரைக் காலி செய்துகொண்டு ஓடிவிட்டது. இதை ஸ்னோவே 1855-ல் வெளியிட்ட தன் நூலில் ஒத்துக்கொள்கிறார். கிணற்றில் அப்போது விஷம் இருந்ததா, போய்விட்டதா என்று சொல்ல முடியாது என்கிறார்.

சரி, கைப்பிடி சாட்சி இல்லையென்றால் வேறு எது? நோய் வராதவர்களைப் பாருங்கள். அதே தெருவில் இருந்த பீர் ஆலைத் தொழிலாளர்கள் அந்தப் பம்பு பக்கமே போகவில்லை. ஆலையில் சொந்தக் கிணறு, கூடவே குடிக்க பீர். பக்கத்து ஏழை விடுதியில் 500-க்கு மேற்பட்டவர்கள் இருந்தும் ஒரு சில சாவுகள்தான், அங்கேயும் தனிக் கிணறு. மறுபக்கம், தொலைவில் ஹாம்ப்ஸ்டெட்டில் இருந்த ஒரு விதவை அந்தப் பம்புத் தண்ணீரின் ருசிக்காகவே தருவித்துக் குடித்து இறந்துபோனார். வரைபடத்தைவிட இந்த மூன்றும் கனமான சாட்சிகள். இவற்றையும்விடக் கனமானது தென் லண்டன் ஒப்பீடு. லாம்பெத் கம்பெனி 1852-ல் தண்ணீர் எடுக்கும் இடத்தைத் தேம்ஸில் மேலே, சாக்கடை கலக்காத இடத்துக்கு மாற்றிக்கொண்டது. சதர்க்-வாக்ஸால் கம்பெனி மாற்றவில்லை. ஒரே தெருவில் அடுத்தடுத்த வீடுகளுக்கு இரண்டு கம்பெனிக் குழாயும் போயின. காற்று ஒன்று, வறுமை ஒன்று, தண்ணீர் மட்டும் வேறு. கெட்ட காற்றால்தான் நோய் என்றவர்களுக்கு இதைவிடச் சரியான பதில் கிடையாது. அப்படியும் அரசாங்கக் குழு ஸ்னோவை ஏற்கவில்லை. அவர் 1858-ல் இறந்தார், முழு அங்கீகாரம் அதற்குப் பிறகுதான். 'ஏன் ஏற்கவில்லை' என்று நீங்கள் ஒரு பாரா எழுதியிருந்தால் எனக்குத் தூக்கம் கலைந்திருக்கும்.

உங்கள் விப்ரியோ பாராக்களை வெட்ட வேண்டாம், சுருக்குங்கள். ஜெர்மன் விஞ்ஞானி ராபர்ட் கோக் அந்தக் கிருமியை உலகத்துக்குக் காட்டியது 1884-ல். ஸ்னோவின் ஆராய்ச்சி 1854-ல். கிருமி எதுவென்றே தெரியாமல் பரவும் வழியைக் கண்டுபிடித்து, அதை அடைக்கவும் சொல்ல முடிந்திருக்கிறது. அந்த வரியை எழுதினால் 'அதனால் என்ன?'வுக்குப் பதில் வந்துவிட்டது.

(பிராட் தெருவுக்கு இப்போது பிராட்விக் தெரு என்று பெயர். பம்பின் நகல் ஒன்று அங்கே நிற்கிறது, பக்கத்திலேயே ஜான் ஸ்னோ பெயரில் ஒரு பப். வாழ்நாளில் பெரும்பகுதி குடிக்காமலே இருந்த மனிதர். லண்டன் போனால் பாருங்கள்.)

டியூட்டரின் ஆஃபீஸ் ஹவருக்கு (மாணவர்களைச் சந்திக்க அவர் ஒதுக்கும் நேரம்) போங்கள். நம் பிள்ளைகள் போவதே இல்லை, நீங்கள் கட்டிய காசில் அதுவும் அடக்கம். மெயிலில் 'ரெஸ்பெக்டட் மேடம்' எல்லாம் வேண்டாம், பெயரைப் போட்டே எழுதலாம்.

ஈஸ்ட்ஹாம்_அக்கா

பிள்ளை, மார்க்கைப் பற்றி மற்றவை சொல்லிவிட்டினம். நான் யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து இங்கே படித்தவள், இருட்டைப் பற்றிச் சொல்லுறன்.

டிசம்பரில் லீட்ஸில் காலை எட்டேகாலுக்குத்தான் விடியும். பகலைக் காசு மாதிரி எண்ணிச் செலவழிக்க வேணும். வெளிச்சம் உள்ள நேரம் லைப்ரரி, கடினமான வாசிப்பு. சமையல், உடுப்புத் தோய்க்கிறது, அம்மாவோடு கதைக்கிறது எல்லாத்தையும் இருட்டுக்குத் தள்ளுங்கோ. மத்தியானம் ஒருக்கா வெளியில் நடவுங்கோ, மழைத் தூறலென்றாலும் பரவாயில்லை. இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் எல்லாரும் தினம் 10 மைக்ரோகிராம் விட்டமின் டி எடுக்கிறதை யோசிக்கச் சொல்லி இங்கத்தைய அரசாங்க சுகாதாரச் சேவையான என்.எச்.எஸ். சொல்லுது. எங்கட நிறத் தோல்காரர் வருசம் முழுக்கவே யோசிக்க வேணுமாம். சூப்பர்மார்க்கெட்டிலேயே மலிவாகக் கிடைக்கும்.

ஜீ.பி.யிடம் (குடும்ப டாக்டர்) பதிந்துவிட்டீங்களோ? விசாவோடு வருசத்துக்கு 776 பவுண் சுகாதாரக் கட்டணம் கட்டித்தானே வந்தனீங்கள், காய்ச்சல் வந்த பிறகு டாக்டரைத் தேடாதேங்கோ. அப்பாட்ட சொல்லுங்கோ, பயப்படாதேங்கோ. மறைத்தால்தான் அந்த மனுசன் வேறென்னவோ என்று நினைத்து நித்திரை கொள்ளாது.

வைகைக்கரை

எல்லோருக்கும் நன்றி. சிவப்புமை அண்ணா, பந்தயத்தில் ஜெயித்துவிட்டீர்கள், அந்த வாக்கியம் அப்படியே இருக்கிறது. டியூட்டரைப் பார்த்தேன். அவரும் ஏறக்குறைய இதையே சொன்னார், ஆனால் பீர் ஆலை விஷயம் உங்களிடம்தான் தெளிவாக இருந்தது. அக்கா, ஜீ.பி.யில் பதிந்துவிட்டேன். அப்பா '70-ஐ எப்போது தொடுவாய்' என்று மட்டும் கேட்டார்.

அடுத்த கட்டுரை: 2007 ஜூலை 1-ல் இங்கிலாந்தில் வந்த பொது இடப் புகைத் தடை பலன் தந்ததா என்பது. மாரடைப்புக்கு அவசரமாகச் சேர்ந்தவர்கள் 2.4 சதவீதம் குறைந்தார்கள் என்று ஓர் ஆய்வு சொல்கிறது. அதையே முதல் பாராவில் வைக்கட்டுமா? அப்புறம், கோடையில் வகுப்பு இருக்காதே, அப்போது முழுநேர வேலை பார்த்துக் கடனைக் கொஞ்சம் அடைக்கலாமா?

சிவப்புமை

வையுங்கள், ஆனால் தனியாக விடாதீர்கள். இங்கிலாந்துக்கு ஒரு வருடம் முன்பே, 2006 மார்ச்சில், ஸ்காட்லாந்தில் தடை வந்தது. அங்கே ஓர் ஆய்வு 17 சதவீதம் குறைந்ததாகச் சொன்னது. ஒரே மாதிரிச் சட்டம், 17 எங்கே, 2.4 எங்கே? எத்தனை வருடத்தை எத்தனை வருடத்தோடு ஒப்பிட்டார்கள், ஏற்கெனவே குறைந்துகொண்டிருந்த போக்கைக் கழித்தார்களா, தடைக்கு முன்பே எத்தனை அலுவலகங்களில் புகை நின்றிருந்தது என்று தேடுங்கள். உங்கள் 2000 வார்த்தையும் அங்கேயே இருக்கிறது.

கோவைச்_செந்தில்

கோடைக் கணக்கில் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். முதுகலை மாணவர்களுக்கு டிசர்டேஷன் (ஆய்வேடு) எழுதும் மாதங்களும் படிப்புக் காலம்தான். வகுப்பு இல்லாவிட்டாலும் கோர்ஸ் முடியும் தேதி வரை அதே 20 மணி நேரம்தான். இளங்கலைப் பிள்ளைகள் ஜூனில் முழுநேரம் போவதைப் பார்த்து நீங்களும் போய்விடாதீர்கள். கிறிஸ்துமஸ் விடுமுறையின் கதை வேறு, உங்கள் கோர்ஸின் அதிகாரபூர்வ லீவ் தேதிகளுக்குள் முழுநேரம் செய்யலாம். அந்தத் தேதிகளைப் பல்கலைக்கழக இணையதளத்திலிருந்து இறக்கி வைத்துக்கொண்டு, ஷிஃப்ட் கேட்கும்போது சூப்பர்வைசருக்கும் ஒரு காப்பி கொடுத்துவிடுங்கள்.