புதிதாக வாங்கிய பழைய பொலேரோ கேம்பர்: ராத்திரி மலை ஏறும்போது இன்ஜின் அணைகிறது, உதவுங்கள்

பாச்சலூர் தோட்டம் எழுதியது:

வணக்கம். பாச்சலூரில் விவசாயம் செய்கிறேன். காபி, மிளகு, நடுவே மலைவாழை, கொஞ்சம் சௌசௌ. விளைந்ததை வடகாடு வழியாக ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு இறக்க இத்தனை வருடமும் வாடகை வண்டியைத்தான் நம்பியிருந்தேன். ஒன்றரை மாதத்துக்கு முன் சேமிப்பைப் போட்டு ஒரு மகிந்திரா பொலேரோ கேம்பர் வாங்கினேன். 2009 மாடல், டிஐ டீசல், நாலு வீலும் இழுக்கும்.

விற்றவர் காட்டுப் பாதையில் ஓட்டுவதற்காக அதை நிறைய மாற்றியிருக்கிறார். 31 இன்ச் டயர், பின்னால் நீள சாக்கிள் (பட்டை ஸ்பிரிங்கைத் தாங்கும் இரும்புத் துண்டு) போட்டு உயர்த்தியது, முன்னால் கனத்த இரும்பு பம்பர், அதில் வின்ச் (சேற்றில் மாட்டினால் கம்பி கட்டி இழுக்கும் உருளை), ரெண்டு ஃபாக் லைட், கூரையில் எல்இடி பார், சீட்டுக்கு அடியில் ஆம்ப்ளிஃபையர். டேஷ்போர்டுக்குக் கீழே தனியாக ஆறு சுவிட்ச். அதில் இரண்டு எதற்கு என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

பிரச்சினை இதுதான். மதியம் சரக்கோடு இறங்குகிறேன், ஒன்றும் ஆவதில்லை. ராத்திரி உர மூட்டையோடு மலை ஏறும்போது, இருபது இருபத்தைந்து நிமிடத்தில் இன்ஜின் அணைந்துவிடுகிறது. பத்து நிமிடம் காத்திருந்தால் மறுபடி பிடிக்கிறது. இதுவரை ஐந்து தடவை. போன வாரம் கொண்டை ஊசி வளைவில் நின்றபோது அம்மாவும் வண்டியில் இருந்தார். கல் வைக்க நான் இறங்கிய அந்த நிமிடத்தை நினைத்தால் இன்னும் கை நடுங்குகிறது.

டீசல் ஃபில்டர் மாற்றிவிட்டேன். டேங்க் இறக்கிக் கழுவியாயிற்று. மெக்கானிக், பம்பைக் கழற்றி டீசல் பம்ப் கடைக்கு அனுப்பணும், 18 ஆயிரம் ஆகும் என்கிறார். கொடுப்பதற்கு முன் உங்களிடம் கேட்கலாம் என்று எழுதுகிறேன்.

இன்னும் மூன்று குறை உண்டு. ரெண்டு நாள் நிறுத்தினால் பேட்டரி இறங்கிவிடுகிறது. 60-க்கு மேல் போனால் தரை அதிர்கிறது. ஏற்றத்தில் கரும்புகை.

டீசல் வாசம் எழுதியது:

ஏற்றத்தில் மட்டும் நிற்கிறது என்றால் டீசல் குழாய் காற்று இழுக்கிறதா பாருங்கள். ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவே உள்ளே ஓடுவது தெரியும் பிளாஸ்டிக் டியூப் ஒரு அடி போட்டு ஓட்டுங்கள். குமிழ் ஓடினால் எங்கோ கிளாம்ப் தளர்வு.

பாச்சலூர் தோட்டம் எழுதியது:

அதையும் பார்த்துவிட்டேன் அண்ணே. குமிழே இல்லை, சுத்தமாக ஓடுகிறது.

வயரிங் கடை எழுதியது:

தம்பி, பம்பைக் கழற்ற விடாதீர்கள். முதலில் மூன்று கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். அணையும்போது திணறி, இழுத்து இழுத்து அணைகிறதா, இல்லை சாவியைத் திருப்பியது போல ஒரே அடியாக நிற்கிறதா? அந்த ஐந்து தடவையும் எந்தெந்த லைட் எரிந்தது? பகலில் மலை ஏறிப் பார்த்திருக்கிறீர்களா?

பாச்சலூர் தோட்டம் எழுதியது:

ஒரே அடியாகத்தான் நிற்கிறது. இருமல், திணறல் எதுவும் இல்லை. நம் பக்கம் யானை நடமாட்டம் உண்டு என்பதால் ராத்திரி எல்இடி பார், ஃபாக் லைட் இரண்டையும் போட்டுத்தான் ஏறுவேன். ஐந்தில் நாலு தடவை ராத்திரி. ஒன்று மட்டும் காலையில், ஆனால் வடகாடு தாண்டி ஒரே பனிமூட்டம், அன்றும் லைட் எரிந்தது.

நீங்கள் கேட்ட பிறகுதான் தோன்றுகிறது. பகல் வெளிச்சத்தில் லைட் இல்லாமல் மலை ஏறியதே இல்லை.

வயரிங் கடை எழுதியது:

அப்படியானால் ஏற்றத்தின் மேல் பழி போட முடியாது. ஏறுவதும் லைட் எரிவதும் உங்களுக்கு எப்போதும் சேர்ந்தே நடக்கிறது. எனக்கு லைட் மேல்தான் சந்தேகம்.

ரோட்டரி பம்பில் தலைப்பக்கம் கட்டைவிரல் பருமனில் ஒரு சோலினாய்டு இருக்கும், ஒற்றை வயர் வரும். சாவி போட்டால் அதற்குக் கரண்ட் போய் உள்ளே இருக்கும் ஊசி தூக்கிக்கொள்ளும், டீசல் போகும். கரண்ட் நின்றால் ஊசி விழும், இன்ஜின் நிற்கும். இந்த மாதிரி பம்ப் உள்ள டீசல் வண்டியை சாவியால் அணைப்பது இந்த வழியில்தான். அந்த வயரில் வோல்ட் ரொம்பக் குறைந்தாலும் ஊசி தாங்காமல் விழுந்துவிடும்.

மாற்றம் செய்த வண்டிகள் என் கடைக்கு வரும்போது அடிக்கடி பார்ப்பது இது: லைட் மாட்டுகிறவர், சாவி போட்டால்தான் எரியணும் என்பதற்காக, சாவி லைனில் எங்கே கை எட்டுகிறதோ அங்கே சீவி முறுக்கி டேப் சுற்றிவிடுவார். உங்கள் பார் 180 வாட் என்று வைத்துக்கொண்டால் 15 ஆம்பியர். ஃபாக் லைட் 55 வாட் இரண்டு, அது 9 ஆம்பியர். ஆக 24 ஆம்பியர், ஒரு மெல்லிய வயரில். கூட்டுகிற இடம் சூடாகும், சூடாக ஆக வோல்ட் குறையும். பத்து நிமிடத்தில் ஆறினால் சரியாகிவிடும். உங்கள் கதையோடு ஒத்துப்போகிறதா பாருங்கள்.

500 ரூபாய்க்குள் ஒரு மல்டிமீட்டர் வாங்குங்கள். வீட்டு வாசலில் நிறுத்தி, நியூட்ரலில் ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, இன்ஜினை ஓட விடுங்கள். கறுப்பு முனை பேட்டரி மைனஸில், சிவப்பு முனை சோலினாய்டு வயரில். லைட் இல்லாமல் ஒரு அளவு, எல்லா லைட்டும் போட்டு அரை மணி நேரம் ஒரு அளவு. பேட்டரியில் இருப்பதற்கும் சோலினாய்டில் இருப்பதற்கும் அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் வந்தால் வழியில் எங்கோ கோளாறு.

லாரி ஓட்டுநர் 22 எழுதியது:

இது முடியும்வரை சரக்கோடு மலையில் ஏறவோ இறங்கவோ வேண்டாம், தயவுசெய்து கேளுங்கள். இன்ஜின் நின்றால் பிரேக் மிதியை லேசாக்கும் பூஸ்டருக்கு வேக்கூம் வராது. தேங்கியிருப்பதை வைத்து இரண்டு மூன்று மிதி தாங்கும், அப்புறம் பெடல் கல் மாதிரி ஆகிவிடும். பவர் ஸ்டியரிங் இருந்தால் அதுவும் கனத்துப்போகும். இதுவரை ஏறும்போது நின்றது உங்கள் நல்ல நேரம். பனியில் லைட் போட்டு இறங்கும் நாளில் நின்றால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். ஒரு வாரம் வாடகை வண்டி வையுங்கள், பரவாயில்லை.

பாச்சலூர் தோட்டம் எழுதியது:

வாடகை வண்டி சொல்லிவிட்டேன் அண்ணே.

நேற்று ராத்திரி சோதித்தேன். மீட்டரை மகன் பிடித்துக்கொண்டு எண்ணை வாய்விட்டுச் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். லைட் இல்லாமல் பேட்டரியில் 13.9, சோலினாய்டில் 13.2. லைட் போட்டதும் சோலினாய்டில் 10.4. பத்து நிமிடத்தில் 9.1. பதினெட்டாவது நிமிடம் 7.3. ஃபாக் லைட் மஞ்சளடித்து மங்கியது. அவன் "ஆறு புள்ளி ரெண்டு" என்று சொல்லி முடிப்பதற்குள் பம்ப் பக்கம் டக் என்று ஒரு சத்தம், இன்ஜின் நின்றுவிட்டது. பேட்டரியில் அப்போதும் 12.6 இருந்தது.

டார்ச் அடித்து வயரைப் பிடித்துக்கொண்டே போனேன். ஸ்டியரிங்குக்குக் கீழே, டேப் உருண்டைக்குள், கண்ணாடி பியூஸ் போடும் பிளாஸ்டிக் கூடு ஒன்று. தொட்டால் கை சுட்டது. ஒரு பக்கம் உருகிப் பழுப்பேறி, உள்ளே இருக்கும் ஸ்பிரிங் நிறம் மாறித் தளர்ந்து கிடக்கிறது. அதிலிருந்து வரும் வயரின் தோல் கொத்தவரங்காய் வத்தல் போல விறைத்து, வளைத்தால் நொறுங்குகிறது. நீங்கள் சொன்ன மாதிரியே பார், ஃபாக் லைட், சோலினாய்டு மூன்றும் அந்த ஒரே கூட்டிலிருந்துதான் போகின்றன.

பம்புக்கு 18 ஆயிரம் கொடுக்க இருந்தேன். உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

வயரிங் கடை எழுதியது:

நல்ல வேளை, தீப்பிடிக்கவில்லை. இனி அந்தக் கூட்டிலிருந்து போகும் லைட்டுகளைப் போடவே வேண்டாம், முதலில் அதைப் பிரித்தெடுங்கள்.

பம்ப் வயர் கம்பெனி வயரிங்கில் எப்படி வந்ததோ அப்படியே சாவி லைனோடு நேராக இருக்கட்டும். அதில் வேறு எதுவும் தொங்கக் கூடாது. ஃபாக் லைட்டுக்குத் தனி ரிலே (சின்ன கரண்ட்டால் பெரிய கரண்ட்டை இணைக்கும் சுவிட்ச்). ரிலேயில் 30 என்று போட்ட காலுக்கு பேட்டரி பிளஸிலிருந்து பியூஸ் வழியாக வயர், 87-லிருந்து லைட்டுக்கு, 86-க்கு சுவிட்ச், 85 எர்த். பியூஸை பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் வையுங்கள், அதற்கு முன்னால் இருக்கும் வயருக்குப் பாதுகாப்பே கிடையாது. முறுக்கி டேப் சுற்றாமல் வயர் முனைக்கு லக் என்ற உலோக மூடி போட்டு நசுக்கச் சொல்லுங்கள். எர்த்தையும் பெயின்ட் சுரண்டிய இரும்பில் போல்ட் போட்டு இறுக்கணும்.

பேட்டரி இறங்குவதற்கு: மைனஸ் கேபிளைக் கழற்றி, அதற்கும் பேட்டரிக்கும் நடுவே மீட்டரை 10 ஆம்பியர் அளவில் வையுங்கள். சாவி வெளியே, கதவு மூடி. மீட்டர் மாட்டியிருக்கும்போது மறந்தும் செல்ஃப் அடிக்காதீர்கள், மீட்டர் போய்விடும். 0.05-க்குள் இருந்தால் சரி. கூட இருந்தால் ஒவ்வொரு பியூஸாக உருவுங்கள், எதை எடுத்ததும் எண் இறங்குகிறதோ அங்கே இருக்கிறது திருடன்.

பாச்சலூர் தோட்டம் எழுதியது:

1.2 ஆம்பியர்! ஆம்ப்ளிஃபையர் பியூஸை எடுத்ததும் 0.03. அதை எழுப்பிவிடும் மெல்லிய வயரை ரேடியோவில் கொடுக்காமல் நேராக பேட்டரியில் கொடுத்திருக்கிறார்கள். அதனால் ராத்திரி பகல் விழித்தே இருந்திருக்கிறது. ஆம்ப்ளிஃபையரையே கழற்றிவிட்டேன், எனக்குப் பாட்டு தேவையில்லை.

பெயர் தெரியாத ரெண்டு சுவிட்சில் ஒன்றின் வயர் பம்பருக்குள் போய் வெறுமனே முடிகிறது. முனையில் டேப் மட்டும், உள்ளே கரண்ட் இருக்கிறது.

டீசல் வாசம் எழுதியது:

நான் ஏற்றத்தைக் கேட்டு டீசலைத் தேடினேன், லைட்டைக் கேட்கவில்லை. வயரிங் கடை அண்ணன் சரியாகப் பிடித்தார்.

அதிர்வுக்கு வருகிறேன். சாக்கிளை நீட்டினால் பின் ஆக்ஸில் லேசாகச் சுழன்று, பின் ஆக்ஸிலைச் சுழற்றும் ஜாயிண்ட் ஷாஃப்ட்டின் இரண்டு முனையிலும் இருக்கும் கிராஸ் மூட்டுகள் வெவ்வேறு கோணத்தில் நிற்கும். வேகம் ஏறும்போது அதிர்வது பெரும்பாலும் அதனால்தான். கிராஸ் தேய்ந்தும் இருக்கலாம், ஷாஃப்ட்டைக் கையால் திருகி ஆட்டம் பாருங்கள். பழைய அளவு சாக்கிளுக்குத் திரும்புவதுதான் என் அபிப்பிராயம்.

டயரும் அப்படித்தான். கதவோரத் தாளில் என்ன போட்டிருக்கிறது? 215/75 ஆர் 15 என்றால் விட்டம் சுமார் 70 செ.மீ. இப்போது இருப்பது சுமார் 79. மீட்டர் 60 காட்டும்போது நீங்கள் 67-ல் போகிறீர்கள். ஒவ்வொரு கியரும் கனத்துப்போகும், கிளட்ச் சீக்கிரம் தேயும். அந்தக் கனத்தை ஈடுகட்ட பம்ப் ஸ்க்ரூவைத் திருகி டீசலைக் கூட்டியிருப்பார்கள், கரும்புகை அதனால் வரலாம். ஏர் ஃபில்டரை முதலில் பாருங்கள். அது சுத்தமாக இருந்தும் புகை வந்தால் பம்ப் கடையில் அளவு வைக்கச் சொல்லுங்கள், அது சின்ன வேலை.

லாரி ஓட்டுநர் 22 எழுதியது:

இன்னொன்று. கேம்பர் சரக்கு வண்டியாகப் பதிவாகியிருந்தால் இந்த வயதுக்கு வருடா வருடம் எஃப்சி (தகுதிச் சான்று) எடுக்கணும். இந்தக் கோலத்தில் கொண்டுபோனால் கஷ்டம். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, கம்பெனி கொடுத்த அமைப்பிலிருந்து மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. முன்பக்கம் கூடுதலாக மாட்டும் இரும்பு பம்பரை எடுக்கச் சொல்லி 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸிலும் இதைத்தான் முதலில் கேட்பார்கள்.

பெயர் மாற்றம் முடிந்ததா? 29, 30 படிவங்களில் விற்றவர் கையெழுத்து வேண்டும். வாங்கியவர் 30 நாளுக்குள் தெரிவிக்கணும். உங்களுக்கு ஒன்றரை மாதம் ஆகிவிட்டது, நாளைக்கே போங்கள்.

பாச்சலூர் தோட்டம் எழுதியது:

பத்து நாள் கழித்து எழுதுகிறேன். பார், வின்ச், பம்பர் எல்லாம் இறக்கியாயிற்று. கூடுதல் வயரை மட்டும் உருவிப் போட்டதில் ஒரு உரச்சாக்கு நிறைந்தது. ஃபாக் லைட் ரிலேயோடு ஓடுகிறது, அதையும் எஃப்சி-க்கு முன் காட்டிக் கேட்டுக்கொள்வேன். பெயர் மாற்றத்துக்குப் பணம் கட்டிவிட்டேன், தாமதத்துக்கான அபராதமும் சேர்த்து.

காலி வண்டியோடு மூன்று ராத்திரி ஏறினேன். மீட்டரை சோலினாய்டு வயரில் கட்டி டேஷ்போர்டு மேல் வைத்திருந்தேன். 13.6-க்குக் கீழே ஒருமுறையும் வரவில்லை. நேற்று பத்து மூட்டையோடு ஏறினேன், எங்கேயும் நிற்கவில்லை. அம்மா இன்னும் ஏற மாட்டேன் என்கிறார், வற்புறுத்தவில்லை.

ஏர் ஃபில்டர் மாற்றியதில் புகை பாதியாகக் குறைந்திருக்கிறது. தாளில் டீசல் வாசம் அண்ணன் சொன்ன அளவுதான் இருக்கிறது, டயர் மாற்றுவது அடுத்த அறுவடைக்குத்தான் முடியும். ஷாஃப்ட்டின் பின் கிராஸில் ஆட்டம் தெரிகிறது. சாக்கிளைப் பழைய அளவுக்கு மாற்றும்போதே கிராஸையும் சேர்த்துப் போட்டுவிடலாமா, இல்லை சாக்கிள் மாற்றி ஓட்டிப் பார்த்துவிட்டுப் போடலாமா?

டீசல் வாசம் எழுதியது:

ஆட்டம் தெரிந்த கிராஸை விட்டுவைக்காதீர்கள். இரண்டையும் ஒன்றாகப் போடுங்கள். ஷாஃப்ட்டைக் கழற்றும் முன் இரண்டு பக்கமும் சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டு, அதே கோட்டில் மாட்டச் சொல்லுங்கள்.